ஸ்னோ பிடிக்கிறது, மனம் மட்டும் சோர்கிறது: என்ன செய்யலாம்?

வெளிச்சக் குறைவுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்னோ கொட்டுவதைப் பார்க்கப் பிடிக்கிறது, ஆனால் நவம்பர் பிறந்தால் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கம் தூக்கமாக வருகிறது என்கிறீர்கள். டொராண்டோவில் டிசம்பர் கடைசியில் பகல் 9 மணி நேரம்கூட இல்லை. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பினால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் தடுமாறும்.

பத்து நாள் குறித்துப் பாருங்கள்: எழுந்த நேரம், வெளியே நின்ற நிமிடம், மனநிலை. மைனஸ் 15 குளிரிலும் வெயிலடித்த நாளில் தெம்பாக இருந்தால் வெளிச்சம்தான் விஷயம்.

அப்படியானால் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) சிகிச்சை விளக்கு வாங்குங்கள், புற ஊதாக் கதிரை வடிகட்டுவதாக. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், 20 முதல் 30 நிமிடம். தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், சற்று ஓரமாக, ஒரு முழத் தூரத்தில் வையுங்கள் (சரியான தூரம் பெட்டியில் இருக்கும்). விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டாம். பலர் தவறுவது தூரத்தில்தான். தள்ளி வைத்தால் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் கெடும்.

விழித்திரைக் கோளாறோ இருமுனை மனநோயோ (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் விளக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.