டைமிங் பெல்ட் மாற்றிய பின் இன்ஜின் போனால்: கேள்வி பதில்

கேள்வி: டீலர் சர்வீஸில் பெல்ட் மாற்றி 4,000 கி.மீ.தான் ஓடியது. ஹைவேயில் அறுந்துவிட்டது. 'தேய்மானப் பொருள், வாரன்ட்டி இல்லை' என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா சார்?

பதில்: விடாதீர்கள். டைமிங் பெல்ட் என்பது கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இணைத்துச் சுற்றவைக்கும் பல் வைத்த பெல்ட். 4,000 கி.மீ.யில் பெல்ட் தேயாது. ஏதோ ஒன்று அதை அறுத்திருக்கிறது. எது என்பதை அறுந்த பெல்ட்டே காட்டிக்கொடுக்கும்.

பற்கள் வரிசையாகப் பிய்ந்திருந்தால் வாட்டர் பம்ப் போல ஏதோ ஒன்று சுற்றாமல் இறுகியிருக்கும். ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் பெல்ட் கோணலாக ஓடியிருக்கிறது: டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) பேரிங் ஆட்டம், அல்லது ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) போல்ட் தளர்வு. கத்தியால் வெட்டியதுபோல் நேராக அறுந்திருந்தால், மாட்டும்போது மடக்கி உள்ளிழைகளை முறித்திருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் ஊறி உப்பியிருந்தால் கேம் அல்லது கிராங்க் ஆயில் சீல் கசிவு.

அதனால் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், பம்ப் எதையும் தூக்கிப் போடக்கூடாது என்று இன்றே மெயிலில் எழுதிக் கேளுங்கள். நீங்கள் இருக்கும்போதுதான் கவரைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள். இதைத் தவறவிட்டால் வழக்கில் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: அறுந்த பிறகு செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை நேரம் மாற்றிப் பயன்படுத்துகின்றன. கேம் நின்று கிராங்க் சுற்றினால், திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் அடித்து வளைத்துவிடும். டோ செய்யுங்கள். சேதத்தை அறிய லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது) கேளுங்கள்: காற்று இன்டேக் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் அல்லது ரிங்.

கேள்வி: பெல்ட் அறுபடவில்லை. மாற்றியதிலிருந்து இழுவை குறைவு, செக் லைட் எரிகிறது.

பதில்: ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். ஸ்கேனில் கேம், கிராங்க் பொருத்தம் தவறு என்று பி0016 கோடு வந்தால் ஓட்டாதீர்கள். மாட்டியபின் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கேம், கிராங்க் சக்கரங்களில் உள்ள குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்த்திருந்தால் இந்தப் பிழை அப்போதே பிடிபட்டிருக்கும். இரண்டு சுற்று ஏன்? கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் கேம் ஒரு முறை சுற்றும்.

கேள்வி: பில்லில் பெல்ட் மட்டும்தான் இருக்கிறது, டென்ஷனர் இல்லை.

பதில்: அது உங்களுக்குச் சாதகம், ஒரு நிபந்தனையோடு. பழைய டென்ஷனரோடு புது பெல்ட் போடுவது அரைகுறை வேலை. ஆனால் 'டென்ஷனர் மாற்றப் பரிந்துரைத்தோம், வாடிக்கையாளர் மறுத்தார்' என்று ஜாப் கார்டில் (சர்வீஸுக்கு விடும்போது வேலைகளைக் குறிக்கும் படிவம்) எழுதி உங்கள் கையெழுத்தும் இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். முதலில் அந்த ஜாப் கார்டு நகலை வாங்குங்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ் வருமா?

பதில்: சாதாரண மோட்டார் பாலிசியில் இயந்திரக் கோளாறு சேராது.

கேள்வி: டீலர் மறுத்தால் எங்கே போவது?

பதில்: முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. சேவைக் குறைபாடு என்று எழுதி, ரிப்பேர் செலவு, டோ செலவு, மாற்றுப் பயணச் செலவு மூன்றையும் ரசீதோடு கேளுங்கள். டீலரோடு சம்பந்தமில்லாத ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினியரின் அறிக்கையையும் இணையுங்கள். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யும் முன்பே அதை வாங்கிவிட வேண்டும்.