புல் கருகினால் பணம் வருமா?

கேள்வி: அமெரிக்காவில் மழை பொய்த்து மேய்ச்சல் காய்ந்தாலே மாட்டுக்காரர்களுக்கு அரசு பணம் கொடுக்கிறதாம், வீடியோவில் பார்த்தேன். நிஜமா? இங்கே ஆடு செத்து, டாக்டர் சான்றிதழ் வாங்கினால்தானே ஏதாவது கிடைக்கிறது? (கமுதி வாசகர்)

பதில்: நிஜம்தான். 2008 வேளாண் சட்டத்தில் ஆரம்பித்து, இடையில் சில வருடம் நின்றுபோய், 2014 சட்டத்தில் நிரந்தரமான திட்டம் அது. அதில் எனக்குப் பிடித்தது தொகை இல்லை, அதைத் தொடங்கிவைக்கும் முறைதான். வியாழக்கிழமைதோறும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்திலிருந்து நாடு முழுவதற்கும் ஒரு வறட்சி வரைபடம் வருகிறது. உங்கள் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒரு மூலையாவது மேய்ச்சல் பருவத்தில் ‘கடும் வறட்சி’ நிறத்தில் தொடர்ந்து 8 வாரம் இருந்தால் ஒரு மாதத் தொகை என்பது பழைய விதி. 2025 சட்டத்துக்கு அப்புறம் 4 வாரமே போதும். நிறம் முற்ற முற்ற 3, 4, 5 மாதத் தொகை வரை ஏறும். அதாவது புல் காய்ந்ததா என்று எந்த அதிகாரியும் வந்து பார்த்துச் சொல்லக் காத்திருக்க வேண்டாம்.

முழுச் செலவையும் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். மாதத் தீவனச் செலவு ஒரு கணக்கு, அந்த நிலம் எத்தனை உருப்படிகளைத் தாங்கும் என்பதை வைத்து வரும் தொகை இன்னொரு கணக்கு, இரண்டில் எது குறைவோ அதில் 60 சதவீதம்தான். வறட்சி தாங்காமல் மாட்டை விற்றுவிட்டவருக்கும் உண்டு, கொஞ்சம் குறைத்து. ஒருவருக்கு ஆண்டு உச்சவரம்பு 1,25,000 டாலர்.

நம் பக்கம் பேரிடர் நிவாரண விதிகளில் (2022-26) செத்த பசுவுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000. உயிரோடு இருக்கும் மாட்டுக்கு முகாமில் தீவனம் போட நாளைக்கு 80 ரூபாய், ஆட்டுக்கு 45. 2017 வறட்சியில் உலர் தீவனக் கிடங்கு திறந்து வைக்கோலைக் கிலோ 2 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், நல்ல காரியம்தான், ஆனால் அதெல்லாம் கட்டிப்போட்ட மாட்டுக்கு. அறுப்பு முடிந்த வயல் தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போட (மந்தையை வயலில் அடைத்துத் தங்கவைக்க) ஊர் ஊராகப் போகிற ஆட்டு மேய்ப்பரான கீதாரி எந்தக் கிடங்கில் போய் வரிசையில் நிற்பார்?

அதற்காக அமெரிக்கத் திட்டத்தை அப்படியே இறக்கினாலும் அவருக்குக் கிடைக்காது. அங்கே மேய்ச்சல் நிலம் சொந்தமாகவோ ரொக்கக் குத்தகையிலோ இருக்க வேண்டும், மேய்ந்து மாட்டுக்கு எவ்வளவு எடை கூடுகிறதோ அதற்குத் தகுந்தபடி வாடகை பேசியிருந்தால்கூடச் செல்லாது. புறம்போக்கிலும் கண்மாயிலும் மேய்ப்பவர் எந்தப் பட்டாவைக் காட்டுவார்? ஆகவே அந்த வரைபட முறையைக் கேட்டு வாங்கலாம். நில நிபந்தனை வேண்டாம், ஆட்டு எண்ணிக்கையை வைத்துக் கொடுங்கள் என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

கேள்வி: அங்கே மாட்டுக்கு மட்டும்தானா, ஆட்டுக்கும் உண்டா? (சாயல்குடி வாசகர்)

பதில்: செம்மறி, வெள்ளாடு, காட்டெருமை, மான் வரைக்கும் உண்டு. பிழைப்புக்காக வளர்க்க வேண்டும், ஆசைக்குக் கட்டிவைத்துச் சவாரி போகும் குதிரைக்குக் கிடையாது. கொட்டிலில் அடைத்துக் கொழுக்கவைக்கும் மாட்டுக்கும் இல்லை, அது எப்படியும் புல் மேயப் போவதில்லையே.