உள்ளே புகுந்ததும் வாயைப் பொத்தும் வைரஸ்

கேள்வி: சாதாரண சளியைத் தருவதிலும் கொரோனா வைரஸ்கள் உண்டாமே? அவை மூக்கைச் சிந்த வைத்துவிட்டுப் போய்விட, சார்ஸ், மெர்ஸ் மட்டும் ஆளையே சாய்ப்பது ஏன்? நம் எதிர்ப்பு சக்தி தூங்குகிறதா?

பதில்: தூங்கவில்லை, அதன் வாயை இந்த வைரஸ்கள் பொத்திவிடுகின்றன. வைரஸ் நுழைந்த செல் உடனே இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே அனுப்பி அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்படுத்தும். 1957-லேயே கண்டுபிடித்த விஷயம். 2002 கடைசியில் சீனாவில் கிளம்பிய சார்ஸ், 2012-ல் சவூதியில் தெரியவந்த மெர்ஸ், அப்புறம் கோவிட், மூன்றுமே இந்தக் கூச்சலைத்தான் முதலில் அடக்கப் பார்க்கின்றன. பெருகும்போது வைரஸ், செல் கண்டுபிடிக்காமலிருக்க, தன் மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ.வை இரட்டைச் சவ்வுப் பைக்குள் ஒளித்துவைக்கும், அதன் முனைக்கு நம் ஆர்.என்.ஏ. மாதிரியே தொப்பியும் மாட்டிவிடும். என்எஸ்பி1 என்ற புரதம் இன்னும் கில்லாடி. கோவிட் வைரஸில் அது செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமின் வாசலில் தக்கை மாதிரி செருகிக்கொள்ள, நம் செல்லின் ஆர்டர் எதுவும் நகராது, வைரஸின் ஆர்டரில் மட்டும் தனி அடையாளத் துண்டு இருப்பதால் அது ஜோராக ஓடும். சரி, சளி வைரஸ்களிடமும் இதில் சில வித்தைகள் உண்டுதான். ஆனால் எச்சரிக்கைச் செய்தி போகாதபடி, மரபணுக்கள் இருக்கும் செல்லின் உட்கரு வாசலையே மறிக்கும் ஓஆர்எஃப்6 புரதம் சார்ஸ், கோவிட் வகையறாவுக்கே உரியது. இப்படித் தாமதமாகும் எச்சரிக்கை, வைரஸ் நுரையீரலில் பெருகிய பிறகு ஒரேயடியாகக் கிளம்பினால், அந்த அழற்சியே நோயாளியைச் சாய்த்துவிடும்.