எண்ணெய்க் கசிவால் கெட்ட டெல்டா நஞ்சையில் எரிபொருள் பயிர் செய்யலாமா?

திருவாரூர்ப் பக்கம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நஞ்சையில் சில ஆண்டுகளுக்கு முன் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் பரவியதாகவும், அதன் பிறகு சம்பா சொட்டை சொட்டையாகவே வருவதாகவும், நெல்லை விட்டுக் காட்டாமணக்கு, சவுக்கு என்று எரிபொருள் பயிருக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே டெல்டாவின் களிமண்ணில் விவசாயம் செய்பவன். மாறலாம், ஆனால் எண்ணெயை நினைத்து மாற வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

கச்சா எண்ணெயின் இலேசான பகுதி சீக்கிரமே ஆவியாகிவிடும். கனமான பிசின் போன்ற மிச்சம் நெடுநாள் கிடந்தாலும், மற்றவற்றில் பெரும்பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். அதற்கு அவற்றுக்குக் காற்றும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) வேண்டும். நம் நஞ்சையில் மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி நிற்பதால் காற்று கிடைப்பதில்லை, தழைச்சத்துக்கோ அவை பயிரோடு போட்டியிடுவதால் நாற்று வெளுத்துப் போகிறது. கோடையில் இரண்டு மூன்று முறை புழுதி உழவு போட்டு, மட்கிய தொழுவுரமும் சிறிது யூரியாவும் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கும்.

வயலில் நிற்கும் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஏடு படிந்தால் எண்ணெய் இன்னும் ஊறுகிறது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். ஒரு குச்சியால் அதைக் கிழித்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே விலகி நின்றால் அது இரும்புச்சத்தால் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஏடு. எண்ணெய் படாத வயலிலும் அது உண்டு. குச்சியை எடுத்தவுடன் மீண்டும் ஒன்றாகக் கூடிவிட்டால்தான் எண்ணெய்.

ஆண்டுகள் கழிந்தும் சொட்டை மாறாததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது உப்பைத்தான். எண்ணெய்க் கிணற்றிலிருந்து கச்சா எண்ணெயோடு நிலத்தடி உவர்நீரும் சேர்ந்தே வருகிறது. எண்ணெய் கண்ணில் படுகிறது, உப்பு படுவதில்லை, அதை எந்த நுண்ணுயிரும் தின்பதுமில்லை. ஆகவே சொட்டை விழுந்த இடத்து மண்ணையும் நன்றாக விளையும் இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்ணிலுள்ள உப்பைக் காட்டும் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அது உவர், அதாவது உப்பு மிகுந்த மண். அதற்கு ஜிப்சம் வீண் செலவு, ஆற்றில் நல்ல தண்ணீர் வரும்போது கட்டிக் கட்டி வடிப்பதே வழி. கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டிச் சோடியமும் மிகுந்திருந்தால் அது களர். அப்போது ஜிப்சம் போட்டு வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் நெல்லைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டுக்குமே வடிகால் அவசியம்.

தண்ணீர் வடிய வழியே இல்லாத தாழ்ந்த நிலம் என்றால் எரிபொருள் பயிரைப் பற்றி யோசிப்பதில் பொருளுண்டு. காட்டாமணக்கை விட்டுவிடுங்கள். 2003-இல் மத்திய திட்டக்குழுவின் குழு ஒன்று டீசலுக்கு மாற்றான எண்ணெய்ப் பயிராகப் பரிந்துரைத்த பிறகு நாடெங்கும் அது பெரிதாகப் பேசப்பட்டது. விளைச்சல் எதிர்பார்த்ததில் பாதிகூட வராமல் பல இடங்களில் கைவிடப்பட்டது. அதன் வேர் தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. ஐப்பசி அடைமழையில் நம் களிமண்ணில் அது அழுகிப் போகும். சவுக்கு உப்பைத் தாங்கும், வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிரால் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்து விறகாகவும் கொதிகலன் எரிபொருளாகவும் போகும். கன்றைத் தை மாதத்தில், வரப்பு போல மேடாக்கிய பாத்தியில் வையுங்கள். புங்கன் உப்பையும் நீரையும் இரண்டையும் தாங்கும் மரம். ஆனால் எண்ணெய் எடுக்கும் அளவுக்குக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் வரப்போரத்துக்கு மட்டுமே சொல்வேன். 2018 கஜா புயலில் மரப்பயிர்க்காரர்கள் பட்ட பாட்டையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கட்டுரைகளில் எரிபொருள் பயிர் என்று படிப்பதெல்லாம் பெரும்பாலும் கன உலோகம் கலந்த நிலத்தைப் பற்றியது. பெல்ஜியத்தின் கெம்பன் பகுதியில் துத்தநாக உருக்காலைகள் விட்டுச்சென்ற காட்மியம் என்ற நச்சு உலோகத்துக்காக வில்லோ மரமும் எரிவாயுவுக்கான மக்காச்சோளமும் பயிரிட்டு ஆராய்ந்தார்கள். உலோகத்தைப் பயிர் உறிஞ்சித் தீர்க்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். அத்தகைய உருக்காலைகளை 2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் இங்கே புதிதாக அனுமதிப்பதில்லை. ஆலைக் கழிவு வரும் வாய்க்காலில் பாசனம் செய்பவராக இருந்தால் மட்டும் காட்மியத்துக்குத் தனியே சோதியுங்கள். வழக்கமான மண் அட்டையில் அது வராது. தண்ணீர் நிற்கும்வரை மண்ணோடு கட்டுண்டிருக்கும் காட்மியம் நிலம் காய்ந்ததும் கரைந்து வேருக்குக் கிடைக்கத் தொடங்கும். அப்படிக் காட்மியம் கலந்த நிலத்தில் வளர்ந்த விறகின் சாம்பலை நம் வழக்கப்படி வயலுக்கே கொட்டுவதும் கூடாது.

நிலம் குத்தகையோ கோயில் நிலமோ என்றால், மரம் வைக்க முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கசிவுக்கு இழப்பீடு இன்னும் பாக்கி இருந்தால், உழுது பாத்தி கட்டும் முன்பே கிராம நிர்வாக அலுவலரை வைத்துக்கொண்டு மண் மாதிரி எடுத்துவிடுங்கள்.