அமெரிக்காவில் அரசு வேலைக்குத் தகுதித் தேர்வு எப்படி வந்தது?

சீர்திருத்தக் கோரிக்கை முன்பே இருந்தது. ஆனால் காரியத்தை அவசரப்படுத்தியது ஒரு கொலை.

1829-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபரான காலத்திலிருந்து, ஜெயித்த கட்சி தன் ஆட்களுக்கு அரசு வேலைகளைப் பங்கு போடுவது வழக்கமாகிப் போனது. வேலை கிடைத்தவர் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்சிக்குக் கப்பம் கட்ட வேண்டும். ஆட்சி மாறினால் தபால் அலுவலரும் சுங்க எழுத்தரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

1881 ஜூலையில், தேர்தலில் தான் உழைத்ததற்குப் பாரிஸ் தூதரகப் பதவி தரவில்லை என்ற ஆத்திரத்தில், சார்லஸ் கிட்டோ என்பவன் அதிபர் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுட்டான். செப்டம்பரில் அவர் இறந்தார். அடுத்து வந்த செஸ்டர் ஆர்தர் அந்தப் பங்கு அரசியலிலேயே வளர்ந்தவர். நியூயார்க் சுங்க அலுவலகத் தலைவராக இருந்தவர். அவர் கையாலேயே 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் கையெழுத்தானதுதான் வேடிக்கை.

சட்டம் சொன்னது இதுதான்: போட்டித் தேர்வு வைத்து ஆள் எடு, கட்சிக்குப் பணம் தரவில்லை என்று வேலையைவிட்டுத் தூக்காதே. ஆனால் முதலில் பத்தில் ஒரு பங்கு மத்திய அரசுப் பணிகள்தான் இதற்குள் வந்தன. சரி, மீதி? எந்தப் பணிகளைச் சேர்ப்பது என்ற அதிகாரம் அதிபரிடம் இருந்தது. பதவி முடிந்து போகிறவர்கள், தாங்கள் நியமித்தவர்களைக் காப்பாற்றவே பட்டியலை நீட்டினார்கள். சுயநலத்தாலேயே தகுதி முறை பரவியது.