ஊர்ப் பெரியவருக்காக தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா?

கேள்வி: கணியம்பாடி பக்கத்தில் ஒரு கிராமத்தில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர் வீடுகள் அதிகம். 1971 போரில் இருந்த பெரியவர் ஒருவர் சமீபத்தில் காலமானார். மரியாதைக்காக மன்றத்துக் கம்பத்தில் தேசியக் கொடியை ஏற்றி, மூன்று நாள் அரைக்கம்பத்தில் பறக்கவிட்டோம். ஜூலை 10 அன்று வேலூர்ப் புரட்சி நினைவு நாளுக்கும் அப்படியே செய்ய நினைக்கிறோம். ‘இதற்கு மூன்று வருஷம் ஜெயில்’ என்று ஊரில் ஒருவர் பயமுறுத்துகிறார். 5,000 ரூபாய் கொடுத்தால் கலெக்டர் ஆபீசில் அனுமதிக் கடிதம் வாங்கித் தருவதாக வேலூரில் ஒருவர் சொல்கிறார். புகார் எதுவும் இதுவரை வரவில்லை. நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அரைக்கம்பத்தில் கொடி பறக்கவிட அனுமதிக் கடிதம் என்று ஒன்று கிடையவே கிடையாது. வி.ஏ.ஓ. தர முடியாது, தாசில்தார் தர முடியாது, கலெக்டராலும் முடியாது. அந்த உத்தரவு மேலே இருந்துதான் வரும். டெல்லியில் உள்துறை அமைச்சகம் சொல்லும், அல்லது சென்னையில் மாநில அரசு சொல்லும். கலெக்டர் அதை நிறைவேற்றுகிறவர், அவ்வளவுதான். நான் வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். அதில் பாதிக் காலம் விழா, அரசு மரியாதை, கொடி சம்பந்தப்பட்ட வேலைதான். இப்படி ஒரு மனுவுக்கு யாரும் அனுமதி என்று கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் சீல் வைத்த கடிதம் என்று எவராவது ஒரு காகிதத்தை நீட்டினால், அது போலி. அந்தப் போலிக் காகிதத்தைக் கையில் வைத்திருப்பதுதான் உங்களை உண்மையான வம்பில் மாட்டிவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு ஆற்காடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். அவர் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஹவில்தார். சாவு வீட்டிலேயே ஒருவன் வந்து, ‘கொடி மரியாதை ஏற்பாடு பண்ணித் தர்றேன்’ என்று 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். சாயங்காலம் அவன் கொண்டுவந்தது கடையில் வாங்கிய ஒரு கொடி. அதன் ஓரத்தில் கறுப்பு ரிப்பன் குண்டூசியால் குத்தியிருந்தது. அந்த அம்மா அதை மஞ்சள் பையில் மடித்து எடுத்து வந்து என் மேஜை மேல் வைத்தார். குண்டூசி துருப்பிடித்து வெள்ளைப் பட்டையில் கறை இறங்கியிருந்தது. அந்தக் கறுப்பு ரிப்பனும் விதிப்படி தவறு என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். துக்கத்துக்காகத் தேசியக் கொடியோடு கறுப்புத் துணி சேர்ப்பது, அதுவும் ஊர்வலத்தில் ஏந்திச் செல்லும் கொடிக்கம்பின் முனையில், அரசு ஆணை இருந்தால் மட்டும்தான். கடைக்காரர் விற்கிறார் என்பதற்காக வாங்காதீர்கள்.

இனி ஜெயில் விஷயம். ஊர்க்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. தேசிய கௌரவத்துக்கு இழுக்கு ஏற்படுத்துவதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில், கொடியை அவமதித்தால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. எதெல்லாம் அவமதிப்பு என்ற விளக்கத்தை 2003இல் விரித்து எழுதினார்கள். அரசு உத்தரவுப்படி பொதுக் கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும் சமயம் தவிர, மற்ற சமயத்தில் அப்படிப் பறக்கவிடுவதும் அந்த விளக்கத்தில் வருகிறது. ஆகவே நீங்கள் செய்தது தவறுதான். ஆனால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மரியாதை என்று நினைத்துச் செய்தீர்கள், கொடியை இறக்கியும் விட்டீர்கள், புகாரும் இல்லை. நாளைக்கே போலீஸ்காரர் வந்து கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இனிமேல் செய்யாதீர்கள். மன்னிப்புக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று வருகிறவனுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் வட்டச் செயலாளர் இறந்தாலும் கட்சி ஆபீசில் கட்சிக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கிவிடும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து, பெரிய மனிதர் போனால் கொடி இறங்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. கட்சிக் கொடி கட்சிக்குச் சொந்தம், அவர்கள் இஷ்டம். உங்கள் மன்றத்துக்குத் தனிக் கொடி இருந்தால் அதையும் நீங்கள் இறக்கலாம், யாரும் கேட்க முடியாது. தேசியக் கொடியில் மட்டும் நம் துக்கத்தை நாம் முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் யாருக்காக அது இறங்கும்? குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர் மறைந்தால் நாடு முழுக்க. ஆளுநர், முதலமைச்சர் மறைந்தால் அந்த மாநிலம் முழுக்க. உங்கள் ஊர்க் கம்பத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். மந்திரிகளுக்கு என்றால் அது தலைநகரத்தோடு நின்றுவிடும், வேலூருக்கு வராது. மற்றவர்களுக்கு அரசு துக்கம் என்று தனியாக அறிவித்தால் உண்டு. 2024 டிசம்பர் 26இல் மன்மோகன் சிங் மறைந்தபோது ஜனவரி 1 வரை ஏழு நாள் அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் மறைந்ததற்கும் மூன்று நாள் அறிவித்தார்கள்.

அந்த உத்தரவுகளில் ஒரு வரி உண்டு, அதை யாரும் படிப்பதில்லை. தேசியக் கொடி வழக்கமாகப் பறக்கிற கட்டடங்களில் அரைக்கம்பத்தில் பறக்க வேண்டும் என்பதுதான் அந்த வரி. உங்கள் மன்றத்தில் தினமும் கொடி ஏற்றுவதில்லை, ஆகஸ்டிலும் ஜனவரியிலும் மட்டும்தான் ஏற்றுவீர்கள் என்றால், அரசு துக்கம் வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. இறக்குவதற்கென்றே ஒரு கொடியைத் தேடிப் பிடித்து ஏற்றுகிற பழக்கம் வேண்டாம்.

அரசு துக்கமே நடந்தாலும் கொடி இறங்காத நாட்கள் சில உண்டு. ஜூலை 10 கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள், மாநிலம் உருவான நாள், அப்புறம் ஏப்ரல் 6 முதல் 13 வரை தேசிய வாரம். இந்த நாட்களில் துக்கம் குறுக்கிட்டாலும் கொடி முழு உயரத்தில்தான் பறக்க வேண்டும். இறந்தவரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தில் மட்டும், உடல் அங்கே இருக்கும் வரை, அரைக்கம்பம். உடலை வெளியே எடுத்ததும் அந்தக் கட்டடத்திலும் கொடி உச்சிக்குப் போய்விட வேண்டும்.

2018 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? 7ஆம் தேதி கலைஞர் மறைந்தார், மாநிலத்தில் ஏழு நாள் துக்கம். 16ஆம் தேதி வாஜ்பாய் மறைந்தார், நாடு முழுக்க ஏழு நாள். இரண்டுக்கும் நடுவில் சுதந்திர தினம். நம் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் முதல் துக்கத்துக்காகக் கயிற்றைக் கம்பத்தின் நடுவில் நாலு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டார்கள். நடுவில் ஒரு மழை வேறு பெய்தது. 15ஆம் தேதி காலையில் விழாக் கூட்டம் நிற்கிறது, நனைந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை, கொடி பாதியிலேயே நிற்கிறது. தேசிய கீதம் பாட வந்த பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலையாரி ஒருவர் அரிவாளால் கயிற்றை அறுத்து, புதுக் கயிறு கோத்து ஏற்றினார். சம்பளத்தில் எல்லாருக்கும் கீழே இருந்த அவருக்குத்தான் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது.

அந்தப் பட்டியலில் உள்ள தேசிய வாரம் எதற்கு என்று பாருங்கள். ஜாலியன் வாலாபாக்கில் சுடப்பட்டு இறந்தவர்களின் நினைவாகத்தான். அத்தனை பேர் செத்ததை நினைக்கும் வாரத்திலேயே கொடி இறங்காது என்கிறது விதி. ஜனவரி 30 தியாகிகள் தினத்துக்கும் காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம்தான் கடைப்பிடிக்கிறோம். நினைவு நாளுக்கும் துக்க நாளுக்கும் உள்ள வித்தியாசம் இது. வேலூர்ப் புரட்சி நாளுக்கும் இதே கணக்குதான்.

1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோது செய்த முக்கியமான காரியங்களில் ஒன்று, கோட்டையின் மேல் மைசூர் சுல்தானின் கொடியை ஏற்றியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். கொடியை உயரத்தில் பறக்கவிட்டுத்தான் அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அவர்கள் பெயரில் நாம் கொடியைப் பாதிக்கு இறக்குவது எனக்கு ஒப்பவில்லை. விதி இல்லாவிட்டாலும் ஒப்பாது.

எனக்குக் கோபம் எங்கே என்றால், இதெல்லாம் ஒரு பக்கத் தமிழில் எழுதி ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஒட்டிவிடக்கூடிய விஷயம். நான் வேலை பார்த்த காலம் முழுக்க யாரும் செய்யவில்லை. துக்க உத்தரவு ஆங்கிலத்தில் வரும். மாவட்டத்திலிருந்து தாலுகாவுக்கு, தாலுகாவிலிருந்து பிர்க்காவுக்கு, அங்கிருந்து கிராமத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒரு நாள் முடிந்துவிடும். இறக்கச் சொல்வதற்காவது போன் வரும். துக்கம் முடிந்தது, ஏற்றுங்கள் என்று சொல்ல ஒருவரும் போன் செய்ய மாட்டார்கள். பத்து நாள் கழித்தும் பாதியில் தொங்கும் கொடிகளைப் பார்த்து ஜீப்பை நிறுத்தி இறங்கியிருக்கிறேன். ஆகையால் பக்கத்து அலுவலகத்துக் கொடியைப் பார்த்து உங்கள் கொடியை இறக்காதீர்கள். செய்தியில் தேதியோடு அறிவிப்பு வந்ததா என்று பாருங்கள்.

காலமான பெரியவர் விஷயம். தேசியக் கொடியை உடல் மேல் போர்த்துவது அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கிலும், ராணுவ, துணை ராணுவச் சடங்கிலும் மட்டும்தான். ஓய்வுபெற்று வீட்டில் காலமானவருக்கு ஊர்க்காரர்கள் தாங்களாகப் போர்த்தக் கூடாது. இனி ஊரில் பட்டாளத்துக்காரர் யாராவது தவறினால், குடும்பத்தார் முதல் வேலையாக வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் தகவல் சொல்லட்டும். அவருக்கு என்ன மரியாதை உண்டு, என்ன உதவி உண்டு என்று அங்கே சொல்வார்கள். அதற்குக் காசு கிடையாது, நடுவில் ஆளும் தேவையில்லை. விதிப்படி கொடி போர்த்தினால் காவி தலைப்பக்கம் இருக்க வேண்டும். அடக்கத்துக்கு முன்பு எடுத்துவிட வேண்டும், குழியிலும் சிதையிலும் கொடி போகக் கூடாது.

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். மூவர்ணக் கொடியைப் போட்டு அதன் மேல் பெரியவர் படமும் பெயரும் அச்சடித்துத் தருவார்கள். கொடியின் மேல் எந்த எழுத்தும் வரக் கூடாது. பேனரை வெறும் வெள்ளையில் அடிக்கச் சொல்லுங்கள்.

ஜூலை 10 அன்று மன்றத்தில் கொடி ஏற்ற ஆசைப்பட்டால் தாராளமாக ஏற்றுங்கள். எந்த நாளிலும் ஏற்றலாம், 2004இல் உச்ச நீதிமன்றமே அது குடிமகனின் உரிமை என்று சொல்லிவிட்டது. முழு உயரத்தில் ஏற்றுங்கள். கீழே நின்று இரண்டு நிமிடம் மௌனமாக இருங்கள், சட்டையில் கறுப்புப் பட்டை குத்திக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு 1806இல் நடந்ததைச் சொல்லுங்கள். முடிந்தவர்கள் வேலூரில் மக்கான் பக்கம் இருக்கும் புரட்சி நினைவுத் தூணுக்கு வந்து மாலை போடுங்கள். பெரியவர் பெயரையும் அங்கேயே சொல்லலாம்.

என்றாவது உண்மையான அரசு துக்கம் வந்து, உங்கள் கம்பத்தில் தினமும் கொடி பறக்கிற வழக்கமும் இருந்தால், நேராகப் பாதியில் கட்டிவிடாதீர்கள். முதலில் கொடி உச்சி வரை போக வேண்டும். ஒரு கணம் அங்கே நிற்க வேண்டும். பிறகு மெதுவாகக் கம்பத்தின் பாதிக்கு இறக்க வேண்டும், இருபது அடிக் கம்பம் என்றால் பத்து அடி. கழற்றும்போதும் மறுபடி உச்சிக்கு ஏற்றி, அதன் பிறகே கீழே கொண்டுவர வேண்டும். கயிற்றை இறுக்கிக் கட்டினால், நனைந்த பிறகு முடிச்சு அவிழாது. கப்பிக்கு வருஷம் இரண்டு முறை எண்ணெய் விடுங்கள். முடிச்சு ஒன்று போதும், ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி.