கேமுக்குள் ஈர்ப்பு எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தரம் 10 பிள்ளைகளுக்கு நேர்கோட்டு இயக்கம் எடுக்கிறேன். ஒரு மடிக்கணினியும் புறொஜெக்டரும்தான் இருக்கின்றன. 40 நிமிடப் பாடவேளையில் வீடியோ கேமை வைத்து என்ன செய்யலாம்? – ஆசிரியை, சுன்னாகம்

பதில்: வகுப்பில் விளையாட விடாதீர்கள், அளக்க விடுங்கள். கவணால் பறவைகளை எறியும் அங்ரி பேர்ட்ஸ் கேம் போதும். வீட்டிலேயே சிவப்புப் பறவையை ஒருமுறை எறிந்து, திரையைப் பதிவுசெய்து கொண்டுபோங்கள். மற்றப் பறவைகள் நடுவானில் தட்டினால் வேகம் மாறும், பிளவுபடும். அவை இந்த வேலைக்கு வேண்டாம்.

பதிவை ட்ராக்கர் என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். செக்கனுக்கு 30 பிரேம் உள்ள பதிவென்றால் மூன்று பிரேமுக்கு ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகளுக்கு இடையே 0.1 செக்கன் வரும், பிள்ளைகள் கையாலேயே கணக்குப் பார்க்கலாம். கவணை விட்டுப் பறவை முழுதாக வெளியேறிய பின் தொடங்கி, எதிலும் மோதுவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். நீள அளவுக்குக் கவணின் உயரத்தையே ஓர் அலகாகக் கொடுங்கள். கேமுக்குள் மீற்றர் கோல் கிடையாதே!

இப்போது இரண்டு வரைபுகள். கிடை இடப்பெயர்ச்சி–நேர வரைபு நேர்கோடாக வந்தால் கிடைத்திசையில் வேகம் மாறவில்லை, அதாவது வளித்தடை இல்லை. நிலைக்குத்து வேக–நேர வரைபும் சரிந்த நேர்கோடாக வரும். அதன் படித்திறன்தான் ஆர்முடுகல், ஆனால் 'கவண்/செ²' என்ற அலகில். அடுத்து பிள்ளைகளைக் கேளுங்கள்: 'இந்த உலகிலும் ஈர்ப்பு 9.8 மீ/செ² என்றால் கவண் எத்தனை மீற்றர்?' 9.8ஐப் படித்திறனால் பிரித்தால் விடை வரும். இப்படிக் கணித்தவர்களுக்கு ஏறத்தாழ 5 மீற்றர் வந்திருக்கிறது. ஒன்றில் கவண் அவ்வளவு பெரிது, அல்லது அங்கே ஈர்ப்பு குறைவு. எது சரியென்று இந்தத் தரவால் சொல்ல முடியாது. பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தை அந்த வாக்குவாதத்துக்கே ஒதுக்கி வையுங்கள்.

பிழைக்கும் இடங்கள் இரண்டு. எறிந்தவுடன் திரைக்காட்சி பறவையின் பின்னால் நகரும், சிலவேளை பெருக்கவும் செய்யும். அப்போது நேர்கோடு வளைந்துவிடும். எறிய முன்பே காட்சியை முழுதாகச் சுருக்கிக் களம் முழுவதும் தெரியச் செய்யுங்கள். அப்படியும் நகர்ந்தால் அசையாத ஒரு கல்லைப் பிடித்து, ஒவ்வொரு பிரேமிலும் உற்பத்திப் புள்ளியை (அளவைத் தொடங்கும் 0,0 இடத்தை) அதன்மேல் வைக்க வேண்டும். இரண்டாவது, போனில் எடுத்த திரைப்பதிவுகளில் பிரேம்கள் சம இடைவெளியில் இருப்பதில்லை. மென்பொருள் சம இடைவெளி என்றே எடுத்துக்கொள்வதால் வேக வரைபு வாள்பல் போலத் துள்ளும். ஹான்ட்பிரேக் மென்பொருளில் மாறாத 30 பிரேமுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: மைன்கிராஃப்டில் 20 கட்டை உயரத்திலிருந்து குதித்தேன். கணக்குப்படி 2 செக்கன் வரவேண்டும், 1.25 செக்கன்தான் வருகிறது. ஏன்? – மாணவன், பருத்தித்துறை

பதில்: உங்கள் நிறுத்தற்கடிகாரம் சரி. ஒரு கட்டை 1 மீற்றர். கேம் தன் கணக்கைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு படியும் ஒரு 'ரிக்', செக்கனுக்கு 20 ரிக் ஓடுகிறது. விழும் ஆளின் வேகம் (ரிக்குக்கு இத்தனை கட்டை என்ற அலகில்) ஒவ்வொரு ரிக்கிலும் 0.08 கூடி, பின் 0.98ஆல் பெருக்கப்படுகிறது. 0.08ஐ 20ஆல் இருமுறை பெருக்கினால் 32 மீ/செ², பூமியைப்போல் மூன்று மடங்குக்கும் சற்று மேல். அந்த 0.98தான் வளித்தடை. தடையே இல்லாவிட்டால் 1.12 செக்கனில் தரையில் இருப்பீர்கள்.

இதை எக்செல்லில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். முதல் கூட்டில் 0 இடுங்கள். அடுத்தடுத்த கூடுகளில், மேலுள்ள பெறுமானத்துடன் 0.08 கூட்டி 0.98ஆல் பெருக்குங்கள். பக்கத்து நிரலில் அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால், 0 இட்ட கூட்டை முதல் ரிக்காக எண்ணும்போது, 25ஆவது ரிக்கில் தூரம் 20ஐத் தாண்டும். நிரலை நீட்டினால் வேகம் ரிக்குக்கு 3.92இல், அதாவது 78.4 மீ/செ இல் நின்றுவிடும். முடிவு வேகம் என்று புத்தகத்தில் இருப்பது அதுதான். மணல் கட்டைக்கு 0.08க்குப் பதில் 0.04. ஆகவே இந்த உலகில் ஆளும் மணலும் ஒரே ஆர்முடுகலில் விழுவதில்லை. கலிலியோ பார்த்தால் கோபிப்பார். பரிசோதனையை கிரியேட்டிவ் முறையில் செய்யுங்கள், உயரம் கூட்டும்போது ஆள் சாகமாட்டார்.

கேள்வி: எங்கள் பாடசாலைக் கணினிகள் பழையவை, இணையமும் இல்லை. உராய்வுக்கு ஏதும் உண்டா? – ஆசிரியர், காரைநகர்

பதில்: அல்கோடூ. திரையில் பொருள்களை வரைந்து பௌதிக விதிப்படி இயக்கிப் பார்க்கும் மென்பொருள். இலவசம், ஒருமுறை நிறுவினால் இணையம் வேண்டாம். ஒரு சாய்தளமும் ஒரு பெட்டியும் வரைந்து, இரண்டின் உராய்வுக் குணகத்தையும் 0.5 ஆக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கணக்கு ஒத்துவராது. இரு பரப்பினதும் பெறுமானங்கள் சேர்ந்தே வேலை செய்கின்றன. தளத்தைப் பாகை பாகையாகச் சரித்தால் 26க்கும் 27க்கும் இடையில் பெட்டி வழுக்கும். 0.5ஐத் தாஞ்சனாகக் கொண்ட கோணம் 26.6 பாகை. பெட்டி உயரமாக இருந்தால் வழுக்காமல் கவிழ்ந்துவிடும், ஆகவே தட்டையாக வரையுங்கள்.

கேள்வி: உயர்தரம் படிக்கும் மகன் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ரொக்கெட் கேமை விளையாடிவிட்டுப் பௌதிகம் படித்ததாகச் சொல்கிறான். நம்பலாமா? – தந்தை, நல்லூர்

பதில்: ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கேமிலுள்ள கெர்பின் கோளின் ஆரை 600 கிலோமீற்றர், தரையில் ஈர்ப்பு 9.81 மீ/செ². 100 கிலோமீற்றர் உயரத்தில் வட்டப்பாதையில் சுற்ற என்ன வேகம் வேண்டும்? கேமைத் திறக்காமல் தாளில் 2246 மீ/செ என்று எடுத்தால் படித்திருக்கிறார். பிறகு ரொக்கெட்டை ஏவி ஒப்பிடச் சொல்லுங்கள், ஓரிரு மீ/செ வித்தியாசத்துக்குள் வரும். அந்த கேமில் ஒரு நேரத்தில் ஒரு வான்பொருள்தான் கலத்தை இழுக்கும். ஆகவே மூன்று பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும் கணக்குகளை அங்கே தேட வேண்டாம்.